தானாக வளர்ந்த எழுத்துகள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எக்கா, வெப்சைட் வேலைக்கு எந்த எடிட்டர் நல்லது?" இரண்டாம் வாரத்தில் அதற்காகவே ஒருவரோடு ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பீர்கள். மவுஸையே தொடாமல் கறுப்புத் திரையில் தட்டுகிறவனை ஏதோ சித்தர் மாதிரி பார்ப்பீர்கள். நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்தக் கேள்வி போனில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எடிட்டர் என்பது கோடிங் எழுதுகிற சாப்ட்வேர், அவ்வளவுதான்; எதுவானாலும் போதும். உங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்காமல் அது திறக்க வேண்டும். தப்பு விட்டால் அந்த வரியைக் காட்ட வேண்டும். கரண்ட் போனால் எழுதியதை விழுங்கிவிடக் கூடாது. மற்றதெல்லாம் சட்டைக்கு நிறம் பார்ப்பது போலத்தான். ஆனால் எடிட்டரைத் திறந்ததும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். யார் பெயரில் இதற்குள் நுழைந்திருக்கிறோம், அதே பெயரில் வேறு யார் உள்ளே இருக்கிறார்கள்? இதைச் சொன்னால் சிரிக்கிறீர்கள். சங்கரன்கோவிலில் எங்கள் ஆபீசில் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ராஜபாளையம் ரோட்டில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், நர்சரி பள்ளிக்கூடம் என்று சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் வெப்சைட் செய்து கொடுத்தோம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். நல்ல மனிதர்தான், ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் கஞ்சன். ஆபீஸ் திறப்பு விழாவில் தேங்காய் உடைத்த கையோடு ஒரு மெயில் ஐடி உருவாக்கினார். கரண்ட் பில்லிலிருந்து கடைசி சாப்ட்வேர் வரைக்கும் அந்த ஒரு ஐடிதான். "ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா ஒம்போது சாவி?" என்பார்.

எடிட்டருக்கும் அதே சாவிதான். ஆளுக்கொரு எடிட்டர் வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்தால் வரிகள் எல்லாம் கோணிக்கொண்டு கிடந்த காலம் ஒன்று இருந்தது. அதைத் தீர்க்க எல்லோரையும் ஒரே எடிட்டருக்குக் கொண்டுவந்தேன். அதில் ஒரு வசதி உண்டு. ஒரே ஐடியில் எத்தனை கம்ப்யூட்டரில் நுழைந்தாலும், ஒன்றில் செய்கிற செட்டிங் மாற்றம் சிறிது நேரத்தில் எல்லாவற்றுக்கும் போய்விடும். எழுத்தின் அளவு, நிறம், சத்தம் எல்லாம். எங்களுக்கு அது சொர்க்கமாக இருந்தது. நிறங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் பர்வீன், கடையநல்லூர்க்காரி, என் கையில் வேலை பழகியவர்களில் படுசுட்டி. கல்யாணமாகி வேலையை விட்டபோது, தான் வேலை பார்த்த பழைய லேப்டாப்பை அண்ணாச்சியிடம் கேட்டு விலைக்கு வாங்கிக்கொண்டு போனாள். பிறகு நாங்கள் எங்கள் வேலையில் மூழ்கிவிட்டோம்.

அது நடந்து சில வருடம் கழித்துத்தான் எழுத்து வளர ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வந்து திறந்தால் திரையில் எழுத்து கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. டிசைன் பார்க்கும் பேச்சிமுத்துதான் எதையோ நோண்டியிருப்பான் என்று அவனை வைதுவிட்டு, பழைய அளவுக்குக் குறைத்தோம். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தால் மறுபடி பெரிது. குறைத்தோம். சாயங்காலத்துக்குள் முன்பைவிடப் பெரிது.

"ஏலே, நீதான?" என்றாள் கோமதி. எங்கள் தளங்களைச் சோதித்துப் பார்க்கிறவள் அவள்.

"எங்க ஆச்சி மேல சத்தியமா நான் இல்லக்கா. என் கைய பாருங்க, டீ கிளாசுதான் இருக்கு," என்றான் பேச்சிமுத்து. அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, யாரும் தொடாத அவன் திரையில் எழுத்து ஒரு சுற்று பெருத்தது. அவன் டீயைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

வைரஸ் என்றார் அண்ணாச்சி. எல்லா கம்ப்யூட்டரையும் துடைத்து, புதிதாக ஏற்றினோம். எடிட்டரையும் புதிதாக இறக்கி, வழக்கம்போல அந்த ஐடியைப் போட்டு உள்ளே நுழைந்தோம். ஒரு டீ குடிக்கிற நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிறகு பழைய இடத்திலிருந்தே வளர்ந்தது.

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் இல்லம்மா. எவனோ செஞ்சு வச்சிருக்கான்," என்று அண்ணாச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஆபீஸ் போட்டவர்கள் மீது அவருக்குச் சந்தேகம். மறுநாள் கோயிலிலிருந்து கோமதி புற்றுமண் வாங்கிவந்து, ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் பொட்டாக வைத்தாள். எந்தக் கடிக்கும் எந்த நோய்க்கும் எங்கள் ஊரில் அதுதான் முதல் மருந்து, கம்ப்யூட்டரை மட்டும் ஏன் விடவேண்டும். நான் கிண்டல் செய்தேன். ஆனாலும் என் மானிட்டரில் வைத்த பொட்டை நான் அழிக்கவில்லை.

பொட்டு வைத்த பிறகு எழுத்தோடு நிறமும் மாறியது. பர்வீன் பார்த்துப் பார்த்து வைத்த இதமான நிறங்கள் எல்லாம் ஒரே நாளில் போய், கன்னங்கரேல் என்ற திரையில் மஞ்சள் எழுத்து வந்து நின்றது. ஆபீஸ் முழுக்க ஒரே நேரத்தில். பகல் வெளிச்சத்தில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க, வரிசையாக அத்தனை திரையும் கறுத்தது. மாற்றினோம், திரும்ப வந்தது.

அப்புறம் சத்தம். பேச்சிமுத்து கோடிங்கில் வரிவரியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு வரியில் வந்ததும் ஸ்பீக்கரில் 'டொக்' என்றது. கீழே போனான், சத்தம் இல்லை. மறுபடி அந்த வரிக்கு வந்தான், 'டொக்'. நான் எட்டிப் பார்த்தேன். அந்த வரியில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போயிருந்தது. அதைச் சரி செய்ததும் சத்தம் நின்றது. மற்ற கம்ப்யூட்டர்களிலும் அப்படித்தான். எங்கே தப்பு இருக்கிறதோ அந்த வரியில் மட்டும் தட்டியது.

"எக்கா, பின்னால நின்னு யாரோ பாக்காங்க," என்றான் பேச்சிமுத்து. அதற்கு யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு எல்லோரும் பின்னால் சுவர் இருக்கிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பேயை நம்பாத நானும்தான்.

இந்த நிலையில் ஜவுளிக்கடைக்காரர் வந்தார். அந்த வருடத்தில் எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை அவருடையதுதான். வெப்சைட் எப்படி உருவாகிறது என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டார். அவர் வருவதற்குள் அளவு, நிறம், சத்தம் எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவைத்து, பெரிய டிவியில் எடிட்டரைப் போட்டுக் காட்டினேன். அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் எழுத்து பெருத்தது. நான் பேச்சை நிறுத்தாமல் குறைத்தேன். மறுபடி பெருத்தது. குறைத்தேன். பிறகு நிற்கவே இல்லை, சுற்றுச் சுற்றாக வளர்ந்து, கடைசியில் டிவி முழுக்க ஒரே ஒரு சொல்தான் நின்றது. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. அவர் என் கைகளைத்தான் பார்த்தார்.

"யாரு பண்ணுதா இத?" என்று கேட்டார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "பொறவு சொல்லி அனுப்புதேன்," என்று இறங்கிப் போய்விட்டார்.

அண்ணாச்சி கதவைச் சாத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "இன்னைக்கே இந்தச் சவத்த முடிக்கணும்மா. எடிட்டரை மாத்து, இல்ல ஐடி பாஸ்வேர்டை மாத்து. எது வேணாலும் செய்யி, சாயங்காலத்துக்குள்ள இது நிக்கணும்."

சரியான யோசனைதான். பாஸ்வேர்டை மாற்றினால், அந்த ஐடியில் வேறு யார் உள்ளே இருந்தாலும் வெளியே போய்விடுவார்கள். எனக்கு அது முன்பே தோன்றியிருக்க வேண்டும், பயத்தில் தோன்றவில்லை. கீபோர்டில் கை வைத்துவிட்டேன். அப்போதுதான் டிவியில் நின்ற அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்தேன். கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த வரிசை எனக்குத் தெரியும். முதலில் எழுத்தைப் பெரிதாக்குவது. அது போதாமல் கறுப்பில் மஞ்சள். அதுவும் போதாமல் காதை நம்புவது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் என் போனில் நானும் இதையே செய்தேன், சத்தம் வரைக்கும் போகவில்லை, அவ்வளவுதான். வம்புக்குச் செய்கிறவன் எழுத்தைத் தலைகீழாக்குவான், கோடிங்கை அழிப்பான். இத்தனை நாளில் எங்கள் வேலையில் ஒரு புள்ளிகூட அழியவில்லை.

"அண்ணாச்சி, இது நமக்குச் செய்யுதது இல்ல," என்றேன். "எங்கனயோ ஒரு ஆளுக்குக் கண்ணு போயிக்கிட்டு இருக்கு. அந்த ஆளு தன் கம்ப்யூட்டருன்னு நெனச்சு மாத்துதாங்க. அது நமக்கும் வருது."

ஆபீசில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கு, யாருக்கு என்று.

"யாரா இருந்தா நமக்கு என்னம்மா? பாஸ்வேர்டை மாத்து."

"மாத்துனா இங்கன சத்தம் நின்னுரும். அங்கன யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது. நாளை வரைக்கும் விடுங்க. கடைக்காரரு காலுல நான் போய் விழுதேன்."

அண்ணாச்சி என்னை முறைத்தார். பிறகு நெற்றிப் பொட்டோடு நின்ற மானிட்டர்களைப் பார்த்தார். "நாளைக்கு வரைக்கும்தான்," என்றார்.

செட்டிங் எல்லாம் ஒரு கோப்பில்தான் இருக்கும், அதில் நம் குறிப்பையும் எழுதி வைக்கலாம். அதுவும் மற்ற செட்டிங்கோடு சேர்ந்து எல்லா கம்ப்யூட்டருக்கும் போகும். டெமோவுக்காக நாங்கள் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தோம். அந்த ஆள் திரும்பச் சத்தத்தைப் போட அந்தக் கோப்புக்கு வந்தாக வேண்டும். அதனால் சத்தத்துக்கான வரிக்கு மேலேயே எழுதினேன்: 'நாங்க சங்கரன்கோவில் ஆபீஸ். இதை மாத்துறது யாரு? திட்டுறதுக்குக் கேக்கலை.' பிறகு யாரும் எதையும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் அத்தனை பேரும் அந்தப் பூதாகரமான மஞ்சள் எழுத்தை வைத்துக்கொண்டு வேலை செய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்தோம். உண்மையில் எல்லோர் கண்ணும் என் திரையில்தான். வெயில் ஜன்னலுக்கு வந்த நேரம், என் வரிக்குக் கீழே ஒரு வரி வந்தது.

'எக்கா, நீங்களா? நான் பர்வீன்.'

கோமதி "அம்மா தாயே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வரி வர நேரம் எடுத்தது.

'அப்போ எழுத்தைச் சின்னதாக்குனது நீங்கதானா?'

அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேனோ தெரியாது. எங்களுக்கு அங்கிருந்து வந்தது என்றால், எங்களிடமிருந்து அங்கும் போயிருக்கும். எங்கள் பயத்தில் அந்தப் பாதி மட்டும் ஒருவருக்கும் தோன்றவே இல்லை. நான் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, புளியங்குடி வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

கடையநல்லூரில் அவள் வீட்டு மாடி அறையில் ஜன்னலை ஒட்டி மேசை போட்டிருந்தாள். கணவர் சவூதியில், வீட்டில் மாமியார் துணை. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. மேசையில் எங்கள் ஆபீஸ் ஸ்டிக்கர் இன்னும் உரியாத அந்தப் பழைய லேப்டாப். நான் உள்ளே போனதும் என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"திருநெல்வேலில பெரிய டாக்டருட்ட காமிச்சேன்க்கா. போவும், ஆனா பைய பையத்தான் போவும், வருசக் கணக்காவும்னாரு. சரின்னு மனச தேத்திக்கிட்டேன். இங்கன வந்து பாத்தா அப்படி இல்லையே! காலையில நல்லா தெரியுத அளவுக்கு எழுத்த வச்சிட்டு, கீழ போய் சோறாக்கிட்டு வருவேன். வந்து பாத்தா தெரியாது. நான் மாத்தலைல்லா, அப்ப எழுத்து அதேதான் இருக்கும், என் கண்ணுதான் போயிருக்கும்னு நெனப்பேன். பட்டனை அமுக்கி இன்னும் பெருசாக்குவேன். சாயங்காலம் அதுவும் தெரியாது."

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"டாக்டரு எனக்காவ பொய் சொல்லிட்டாருன்னு நெனச்சேன். அத்தன நாளும் அழுதேன். மாமிட்ட சொல்லல, சவூதியில உள்ள மச்சானுட்ட சொல்லல. பொறவு சத்தத்துல பழகுவோம்னு தப்பு வர்ற எடத்துல சத்தம் வச்சேன். நேத்து அதும் நின்னுருச்சு." அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். "அல்லாவே, காதும் போவுதான்னு ஆயிருச்சுக்கா. ஜன்னல திறந்து வச்சு, பாங்கு சத்தம் கேக்குதான்னு உக்காந்திருந்தேன். நேத்துதான் கம்பெனிக்கு இனி வேலைக்கு வரலைன்னு மெயில் அடிச்சேன். அனுப்பலை. இன்னைக்குச் சத்தத்த ஒரு மட்டம் போட்டுப் பாப்போம்னு அந்த எடத்துக்குப் போனா, ஸ்கிரீனுல உள்ளத வாசிச்சுக் காட்டுத மெசினு உங்க வரிய வாசிக்குது. ரூமுல யாரும் இல்ல. யாரு நீங்கன்னு கேக்குது. நான் பயந்து கதவு வரைக்கும் ஓடிட்டேன்."

எங்களுக்குப் பேயாக இருந்தவள் அவள். அவளுக்குப் பேயாக இருந்தது நாங்கள். பொட்டு வைத்தது மட்டும் எங்கள் பக்கம்.

அன்றைக்கே அவளுக்குத் தனி ஐடி உருவாக்கி, எங்கள் ஐடியிலிருந்து அவளைப் பிரித்தேன். எழுத்தை முதலில் இருந்து ஒவ்வொரு சுற்றாகக் கூட்டச் சொன்னேன். அவள் "போதும்" என்று சொன்ன அளவு, டிவியில் நாங்கள் பார்த்ததில் பாதிகூட இல்லை. கீழே மாமி கொடுத்த ரோஸ் மில்க்கைக் குடித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தாள். தெரிந்தது. ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்து இன்னொரு தரம் பார்த்தாள். அந்த மெயிலை என் முன்னாலேயே அழித்தாள். டாக்டர் பொய் சொல்லவில்லை.

நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, உங்க கம்ப்யூட்டரு ஒண்ண மட்டும் என் ஐடிலயே வச்சிக்கிடுங்க. எழுத்து பெருசானா யாராச்சும் ஒரு ஆளுக்குத் தெரியணும். வாயால சொல்ல எனக்கு வராது."

"வச்சிக்கிடுதேன். எதையும் தொடமாட்டேன்ட்டி," என்றேன்.

ஜவுளிக்கடைக்காரரிடம் அண்ணாச்சியே நேரில் போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். பொய் சொல்லி மழுப்புவார் என்றுதான் நான் நினைத்தேன். கடைக்காரர் வேலையை எங்களுக்கே திரும்பக் கொடுத்தார். ஆபீசில் ஆளுக்கொரு ஐடி வந்தது. அண்ணாச்சி ஒரு மாதம் அதற்காக முனகினார். உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் அவ்வளவுதான். ஒரு கோளாறை நிறுத்துவது ஒரு நிமிட வேலையாக இருக்கும்போது, அந்த நிமிடத்தில்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு அது என்ன என்று கேட்க வேண்டும். நிறுத்திவிட்ட பிறகு அது ஒன்றும் சொல்லாது.

ஓய்வுபெற்ற பிறகும் என் லேப்டாப்பில் பர்வீனின் ஐடிதான். தினமும் காலையில் காபியோடு திறந்து பார்ப்பேன். எழுத்து பல மாதம் அப்படியே நிற்கும். பிறகு ஒரு நாள் ஒரு சுற்று கூடியிருக்கும். அன்றைக்குப் போன் செய்வேன். கண்ணைப் பற்றி இருவருமே பேசமாட்டோம். பிள்ளை படிப்பு, மாமி முட்டுவலி என்று பேசிவிட்டு வைப்போம். இப்படியே சில வருடம் போனது.

போன மழைக்காலத்தில் ஒரு காலை திறந்தபோது எழுத்து சின்னதாக இருந்தது. எல்லோரும் வைத்துக்கொள்கிற சாதாரண அளவு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏதோ புது மருந்து, ஏதோ ஆபரேஷன், கண் திரும்பிவிட்டது என்று காபியைக்கூட வைக்காமல் போனை எடுத்தேன். அவள் எடுப்பதற்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பர்வீன், எழுத்து சின்னதா இருக்கே?"

"ஆமாக்கா." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இனி அது எனக்கு எதுக்கு? அவ்வளவு பெருசா வச்சா பக்கத்துல உக்காந்து பாக்குதவங்களுக்குத்தான் தலவலி. அதான் கொறச்சு வச்சிட்டேன்."

பின்னால் அவளுக்கு வாசித்துக் காட்டும் மெசினின் குரல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தவில்லை, வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"எக்கா, அங்கன சத்தம் ஒழுங்கா வருதா? பாத்துச் சொல்லுங்க."

பழைய கோடிங் ஒன்றைத் திறந்தேன். வேண்டுமென்றே ஓர் அடைப்புக்குறியை அழித்துவிட்டு அந்த வரியில் வந்து நின்றேன். 'டொக்' என்றது.

"கேக்குது," என்றேன்.

"எனக்கும் நல்லா கேக்குதுக்கா," என்றாள்.